விமானத்தை வாங்கினோம், மேனுவல் எங்கே?

அமெரிக்க செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய இரண்டிலும் உள்ள ஆயுதப் படைகள் குழுக்களின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு விமான மெக்கானிக். டல்லஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் பயணிகள் விமானங்களைப் பராமரிக்கும் ஹேங்கர் ஒன்றில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். வீடு ஃபோர்ட் வொர்த் நகரின் மேற்குப் பக்கம். வேலை முடிந்து வந்து காலையில் கண்ணை மூடும் நேரத்தில் லாக்ஹீட் மார்ட்டின் ஆலையிலிருந்து எஃப்-35 போர் விமானம் கிளம்பும். ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். அந்தச் சத்தம் எனக்குத் தொந்தரவாகப் பட்டதே இல்லை. ஒற்றை எஞ்சினில் அவ்வளவு கனமான விமானம் எழும்பிப் போவதைக் கேட்கும்போது, தொழில் தெரிந்தவனுக்கு ஒரு மரியாதை வரத்தான் செய்கிறது.

ஆகவே அந்த நிறுவனத்தின் மேல் வன்மம் வைத்து எழுதும் கடிதமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். பொங்கல் விழாவில் என்னோடு நின்று பந்தி பரிமாறுகிறவர்களிலும் இருக்கிறார்கள். தமிழில் எழுதக் காரணமும் அதுதான். இதன் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வருகிறது. ஆனால் இந்த நாட்டில் ஓட்டுப் போடுகிற, வரி கட்டுகிற, ஓய்வுக்காலச் சேமிப்பு வழியாக இந்த நிறுவனத்தின் பங்கையும் கொஞ்சம் வைத்திருக்கிற என் மொழிக்காரர்கள் இதைத் தங்கள் மொழியில் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

விஷயம் இதுதான். 2025இல் உங்கள் இரண்டு சபைகளும் தயாரித்த பாதுகாப்பு அங்கீகார மசோதா வரைவுகளில் ஒரு பிரிவு இருந்தது. ராணுவம் காசு கொடுத்து வாங்கும் தளவாடத்தை ராணுவமே பழுதுபார்ப்பதற்கு வேண்டிய மேனுவல், வரைபடம், மென்பொருள் விவரம் ஆகியவற்றை விற்கிறவர்கள் கொடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். செனட்டர் எலிசபெத் வாரனும் செனட்டர் டிம் ஷீஹியும், கட்சி வேறாக இருந்தும், சேர்ந்து நின்று முன்வைத்த யோசனை அது. தரைப்படைச் செயலரும் ஆதரித்தார். டிசம்பரில் இரண்டு வரைவையும் ஒன்றாக்கி இறுதி வாசகம் வெளிவந்தபோது அந்தப் பிரிவைக் காணவில்லை. அதைத் திரும்ப வைக்கச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

அந்தப் பிரிவு என்ன செய்யும் என்பதை என் வேலையிலிருந்தே காட்டுகிறேன். விமானச் சக்கரம் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க, கார் டயர் மாற்றுகிற வேலை மாதிரிதான் இருக்கும். ஆனால் அச்சு நட்டைப் பூட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே ஓர் அளவு வரை இறுக்க வேண்டும். பிறகு தளர்த்த வேண்டும். மறுபடியும் சுழற்றிக்கொண்டே, முன்பைவிடக் குறைந்த அளவுக்கு இறுக்க வேண்டும். பேரிங் தன் இடத்தில் சரியாக உட்கார்வதற்காக இந்தப் பாடு. அளவு கூடினால் பேரிங் சூடாகிச் சிதையும், குறைந்தால் சக்கரம் ஆட்டம் காணும். அந்த இரண்டு எண்களையும் நான் மனப்பாடத்தில் வைத்து வேலை செய்யக் கூடாது. இருபது வருட அனுபவம் இருந்தாலும் மேனுவலைத் திறந்து, அன்றைய திருத்தம்தானா என்று பார்த்து, அதில் உள்ளபடிதான், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை வைக்க வேண்டும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விதி 43.13 என்னை அதற்குக் கட்டிப்போடுகிறது.

என்னைக் கட்டிப்போடும் அதே எஃப்.ஏ.ஏ. தயாரிப்பாளரையும் கட்டிப்போடுகிறது. விதி 21.50 என்ன சொல்கிறது? விமானத்தை வடிவமைத்து அனுமதி பெற்றவர், அதைத் தொடர்ந்து பறக்கும் நிலையில் வைத்திருக்கத் தேவையான வழிமுறைகளை விமானத்தின் உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். பின்னால் வரும் திருத்தங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும். உதிரி பாகங்களின் உள் மேனுவலுக்குத் தயாரிப்பாளர்கள் கறாராக விலை பேசுகிறார்கள், தகராறுகளும் உண்டு. இருந்தாலும் அடிப்படை மாறவில்லை. விமானம் யாருடையதோ, அதைப் பேணும் வழியும் அவர் கையில் இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஃபுளோரிடா போகும் விமானத்துக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. நாட்டைக் காக்கப் போகும் விமானத்துக்கு இல்லை.

என் ஹேங்கரில் ராணுவத்திலிருந்து வந்து சேர்ந்த ஓர் இளைஞர் இருக்கிறார். எந்த விமானத்தில் வேலை பார்த்தார் என்பதை எழுத மாட்டேன். வந்த புதிதில் ஒரு நாள் டேப்லெட்டில் மேனுவலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன தேடுகிறாய் தம்பி என்று கேட்டேன். "அண்ணா, எங்கே முடியுதுன்னு பாக்கறேன்" என்றார். அவருடைய பழைய இடத்தில், பேனலைக் கழற்றி இரண்டு படி உள்ளே போனதும் புத்தகம் நின்றுவிடுமாம். மேற்கொண்டு நிறுவனப் பிரதிநிதியைக் கேள் என்று இருக்குமாம். பிரதிநிதி வரும்வரை விமானம் தரையில். இங்கே புத்தகம் கடைசித் திருகாணி வரை போகிறது என்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் சொன்னது ஒரு தனி மனிதரின் அனுபவம். உங்களுக்கே வேலை பார்க்கும் கணக்காய்வு அலுவலகமான ஜி.ஏ.ஓ. 2023 செப்டம்பரில் எஃப்-35 பற்றி எழுதியது அப்படியல்ல. அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35 படை பணிக்குத் தயாராக இருந்த விகிதம் ஏறத்தாழ 55 சதவீதம். இலக்கு, விமானத்தின் ரகத்தைப் பொறுத்து, 85 முதல் 90 சதவீதம். பழுதுபார்க்கக் காத்துக்கிடந்த பாகங்கள் 10,000க்கு மேல். காரணங்களின் வரிசையில் ஒப்பந்ததாரரையே பெரிதும் நம்பியிருப்பதும், தொழில்நுட்பத் தரவு இல்லாததும் இருந்தன. மேனுவல் இல்லை என்பதைத்தான் அரசு மொழியில் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பதைச் சொல்ல, இந்த நிறுவனத்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அதில் உங்கள் சபைகளுக்கு ஒரு நல்ல பங்கும் உண்டு.

1912இல் இரண்டு தனித்தனி நிறுவனங்களாகக் கலிஃபோர்னியாவில் இது முளைத்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன், மால்கம் லாக்ஹீட் சகோதரர்கள், லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கிளென் மார்ட்டின். லாக்ஹீடின் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் திவாலாகி, 1932இல் ராபர்ட் கிராஸ் என்பவரின் தலைமையில் சிலர் சேர்ந்து வெறும் 40,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். அப்படி மிஞ்சிய நிறுவனம்தான் இரண்டாம் உலகப் போரில் பி-38 போர் விமானத்தைக் கட்டியது. 1943இல் பர்பேங்க் ஆலையின் ஓரத்தில் கெல்லி ஜான்சன் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு எக்ஸ்.பி-80 ஜெட் விமானத்தை 143 நாளில் முடித்துக் கொடுத்தார். லாக்ஹீடின் ரகசிய விமானப் பிரிவுக்கு ஸ்கங்க் வொர்க்ஸ் என்ற பெயர் அந்தக் கொட்டகையிலிருந்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது யூ-2 உளவு விமானத்தின் கதை. 1955 பிப்ரவரியில், ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதற்காக, சி.ஐ.ஏ. 12.5 லட்சம் டாலருக்குக் காசோலை எழுதி ஜான்சனின் வீட்டு முகவரிக்கே தபாலில் அனுப்பியது. ஆகஸ்ட் 1 அன்று விமானம் பறந்துவிட்டது. வேலை தொடங்கியதிலிருந்து எட்டு மாதம். 20 விமானங்களுக்குப் பேசிய தொகை 2.25 கோடி டாலர். முடித்துக் கணக்குப் பார்த்தபோது, லாபத்தையும் சேர்த்து 1.9 கோடிக்குள் அடங்கியிருந்தது. அரசுப் பணத்தை வாங்கி, சொன்ன நாளில், சொன்னதைவிடக் குறைந்த செலவில் விமானம் கட்டத் தெரிந்தவர்கள் இவர்கள். இதை நான் மறக்க விரும்பவில்லை. செவ்வாயில் 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்களைக் கட்டிய மார்ட்டின் மரியெட்டாவும் இந்தக் குடும்பம்தான். ஹபிள் தொலைநோக்கியைப் பூட்டிச் சேர்த்ததும் லாக்ஹீட்தான். கைத்திறமை குறையவில்லை. கணக்கு யார் கையில் இருந்தது என்பதில்தான் கதை திரும்பியது.

சி-5ஏ சரக்கு விமானத்தில் அது வெளியே வந்தது. 1968 நவம்பரில் விமானப் படையின் செலவுக் கணக்காளர் எர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், செனட்டர் வில்லியம் ப்ராக்ஸ்மையரின் குழு முன் சாட்சி சொன்னார். கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொன்னார். செலவு ஏறத்தாழ 200 கோடி டாலர் கூடிப்போகும். அந்த உண்மைக்காக அவருடைய பதவியையே ஒழித்தார்கள். பல ஆண்டுகள் வழக்காடித்தான் திரும்பப் பெற்றார். விமானத்தின் இறக்கையில் பின்னால் விரிசல் கண்டு, சேவையில் மிஞ்சியிருந்த 77 சி-5ஏவுக்கும் புது இறக்கை மாற்ற வேண்டியதாயிற்று. நான் வேலை செய்யும் ஹேங்கரில், விரிசலைக் கண்டவன் எழுதி வைக்காமல் போனால் உரிமம் போகும். கண்டு சொன்னதற்காக வேலை போன ஒருவரின் பெயரை அதனால் மறக்க முடியவில்லை.

1971இல் லாக்ஹீடின் டிரைஸ்டார் பயணிகள் விமானத்துக்கு எஞ்சின் கொடுத்த ரோல்ஸ் ராய்ஸ் திவாலாக, லாக்ஹீடும் விளிம்புக்கு வந்தது. 25 கோடி டாலர் கடனுக்கு அரசு ஜாமீன் நிற்பதா என்று செனட்டில் வாக்கெடுப்பு. 49க்கு 48. ஒரே ஓட்டில் இந்த நிறுவனம் பிழைத்தது. அந்த ஒரு ஓட்டு மக்கள் கொடுத்தது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஐந்து வருடம் கழித்து செனட்டர் ஃபிராங்க் சர்ச்சின் துணைக்குழு இதே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கணக்கைத் திறந்தது. அதில் கிடைத்த காகிதங்களில் ஒன்றை நினைத்தால் இன்றும் வயிறு கலங்கும். ஜப்பானில் டிரைஸ்டார் விற்பதற்காகக் கைமாறிய லஞ்சத்துக்கு ரசீது. "நூறு வேர்க்கடலை பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து. ஒரு கடலை என்றால் பத்து லட்சம் யென். நூறு கடலை, பத்து கோடி யென். முன்னாள் பிரதமர் ககுவெய் தனாகா 50 கோடி யென் வாங்கிய குற்றத்துக்காக 1976 ஜூலையில் கைதாகி, 1983இல் நான்கு வருடச் சிறைத் தண்டனை பெற்றார். நெதர்லாந்தின் இளவரசர் பெர்ன்ஹார்ட் தன் ராணுவப் பொறுப்புகளை விட்டு இறங்கினார். லாக்ஹீடின் தலைவரும் துணைத் தலைவரும் பதவி விலகினார்கள். அந்த விசாரணையிலிருந்துதான் 1977இல் வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டம் பிறந்தது. இன்று உலகெங்கும் நிறுவனங்கள் அந்தச் சட்டத்துக்குப் பயப்படுகின்றன.

இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ப்ராக்ஸ்மையரின் குழுவும் சர்ச்சின் குழுவும் உங்களுக்கு முன் அதே கட்டடத்தில் அதே நாற்காலிகளில் உட்கார்ந்தவை. இந்த நிறுவனத்தின் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று உங்கள் சபை மனது வைத்தபோதெல்லாம் திறந்திருக்கிறது.

அதன் பிறகு ஏன் திறக்க முடியாமல் போயிற்று? பனிப்போர் முடிந்து 1993இல் பென்டகனில் ஒரு விருந்து நடந்தது. துணைப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெர்ரி, ஆயுத நிறுவனங்களின் தலைவர்களைக் கூட்டி வைத்து, இத்தனை பேருக்கு இனி வேலை இருக்காது, ஒன்று சேருங்கள் என்று சொன்னார். மார்ட்டின் மரியெட்டாவின் நார்மன் ஆகஸ்டின் அதற்கு 'கடைசி விருந்து' என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டே லாக்ஹீட், ஜெனரல் டைனமிக்ஸின் ஃபோர்ட் வொர்த் விமானப் பிரிவை ஏறத்தாழ 150 கோடி டாலருக்கு வாங்கியது. 1995 மார்ச்சில் லாக்ஹீடும் மார்ட்டின் மரியெட்டாவும் கலந்து லாக்ஹீட் மார்ட்டின் ஆயின. நார்த்ரப் கிரம்மனையும் சேர்த்துக்கொள்ளப் பார்த்ததை 1998இல் அரசே தடுத்தது. ஏரோஜெட் ராக்கெட்டைனை வாங்கும் முயற்சியும் 2022இல் அரசு வழக்குப் போட்ட பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் 51 பெரிய ஒப்பந்ததாரர்கள் ஐந்தாகச் சுருங்கிவிட்டார்கள். ஒரே கடை இருக்கும் ஊரில் வாங்குகிறவன் பேரம் பேச முடியாது.

அந்த நிலையில்தான், 2001 அக்டோபர் 26 அன்று, போயிங்கைத் தோற்கடித்து எஃப்-35 ஒப்பந்தம் லாக்ஹீட் மார்ட்டினுக்குப் போனது. உருவாக்கும் வேலைக்கு மட்டும் ஏறத்தாழ 1,900 கோடி டாலர். அந்தக் காலத்தில் பென்டகனில் ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருந்தது. கட்டுவதோடு பராமரிப்பையும் முழுசாக ஒப்பந்ததாரர் தலையில் வைத்துவிட்டால் அரசுக்குச் செலவு மிச்சம், தரவு உரிமையை, அதாவது மேனுவலையும் வரைபடத்தையும் பெறும் உரிமையை, வாங்கி வீணாகப் பணம் போட வேண்டாம் என்பது அந்த நம்பிக்கை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்தார்கள். விமானப் படைச் செயலராக இருந்த ஃபிராங்க் கெண்டல் 2023இல் இதைக் கடுமையான தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். தரவு உரிமை இல்லாமல் போனதால் விமானத்தின் ஆயுள் முழுக்க ஒரே நிறுவனத்தின் ஏகபோகமாகிவிட்டது என்பது அவர் சொன்னதன் பொருள். ஜி.ஏ.ஓ.வோ 2014லேயே, எந்தெந்தத் தரவு தேவை, அதை எப்படிப் பெறுவது என்று ஒரு திட்டம் போடுங்கள் என்று சொல்லியிருந்தது.

அந்தத் தவறின் விலை என்ன? அமெரிக்காவின் எஃப்-35 படையை அதன் ஆயுள் முழுக்கப் பேணும் செலவு 2018 மதிப்பீட்டில் 1.1 லட்சம் கோடி டாலர். 2023 மதிப்பீட்டில் 1.58 லட்சம் கோடி. இதே காலத்தில் படைகள் இந்த விமானத்தை முன்பு நினைத்ததைவிடக் குறைவாகப் பறக்கத்தான் திட்டமிடுகின்றன. பறப்பு குறைகிறது, செலவு கூடுகிறது. என் ஹேங்கரில் இப்படி ஒரு கணக்கு வந்தால் அந்த விமானத்தை மறுநாளே விற்றுவிடுவார்கள்.

பாகங்களின் கதை இன்னும் மோசம். எஃப்-35இன் ஒவ்வொரு முக்கிய பாகத்துக்கும் ஒரு மின்னணுப் பதிவேடு உண்டு. பாகம் எத்தனை மணி நேரம் ஓடியது, இன்னும் எவ்வளவு ஆயுள் பாக்கி என்பதெல்லாம் அதில் இருக்கும். பாகம் பெட்டியில் வந்து இறங்கும், பதிவேடு வந்திருக்காது. கையில் பொருள் இருந்தும் கணினிக்கு அது பொருளே இல்லை. ராணுவ மெக்கானிக்குகள் உட்கார்ந்து கையால் பதிந்து, கூப்பிட்டுக் கேட்டு, சரிசெய்து பூட்ட வேண்டும். பாதுகாப்புத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் 2019இல் கணக்குப் போட்டபோது, இப்படித் தயார்நிலையில் இல்லாமல் வந்த பாகங்களுக்காக 2015லிருந்து கூலியாக மட்டும் 30.3 கோடி டாலர் வரை போயிருக்கலாம் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு நிறுவனம் ஈடுகட்ட ஒப்புக்கொண்டது 7.06 கோடி டாலர். ஏலிஸ் என்ற பராமரிப்பு மென்பொருள் ஒழுங்காக ஓடாததால், ஒரே ஒரு விமானப் படைப் பிரிவு ஒரு வருடத்தில் 45,000 மணி நேரத்துக்கு மேல் சுற்றுவழி வேலையில் செலவிட்டதாகச் சொன்னது. ஓர் ஆள் வருடத்துக்கு இரண்டாயிரம் மணி நேரம் உழைக்கிறான் என்று வைத்தால், 22 பேருடைய முழு வருட உழைப்பு. அது முழுவதும் ரெஞ்சைத் தொடாத வேலை.

2023 மே மாத ஜி.ஏ.ஓ. அறிக்கையையும் நீங்கள் படித்திருப்பீர்கள். உலகெங்கும் கிடக்கும் எஃப்-35 உதிரி பாகங்களின் கூட்டுக் கையிருப்பு அரசின் சொத்து. ஆனால் அதை நிர்வகித்து எண்ணுவது ஒப்பந்ததாரர்கள். 2018 மேக்குப் பிறகு 10 லட்சத்துக்கு மேற்பட்ட பாகங்கள், 8.5 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ளவை, தொலைந்தோ சேதமாகியோ போயிருந்தன. அந்த நிகழ்வுகளில் அரசு ஆராய்ந்து பார்த்தது 2 சதவீதத்துக்கும் குறைவு.

இதைப் படித்த அன்று எனக்கு வேறொரு பாகம் நினைவுக்கு வந்து தூக்கம் போயிற்று. 2018 ஆகஸ்ட் 9, ஏமனின் சாதா மாகாணத்தில் தஹ்யான் என்ற ஊர். சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகளின் பேருந்து சந்தையில் நின்றிருந்தது. சவூதி தலைமையிலான கூட்டணியின் விமானம் குண்டு போட்டது. 51 பேர் செத்தார்கள், அதில் 40 பேர் பிள்ளைகள். இடிபாட்டில் கிடந்த இரும்புத் துண்டில் எண்கள் மிச்சமிருந்தன. அந்த எண்களை வைத்தே, அது 227 கிலோ எடையுள்ள எம்.கே-82 ரக லேசர் வழிகாட்டிக் குண்டு, செய்தது லாக்ஹீட் மார்ட்டின், விற்பனைக்கு அனுமதித்தது அமெரிக்க அரசு என்பதை சி.என்.என். செய்தியாளர்களும் ஆயுத வல்லுநர்களும் உறுதிசெய்தார்கள். பார்ட் நம்பர் என்பது என் தொழிலில் புனிதமான விஷயம். யார் செய்தார், எப்போது செய்தார், யார் பூட்டினார் என்று எந்தப் பாகத்தையும் கேட்டால் சொல்ல வேண்டும். வெடித்துச் சிதறிய குண்டுக்கு அது முடிந்திருக்கிறது. நம் கிடங்கில் இருக்க வேண்டிய பத்து லட்சம் பாகங்களுக்கு முடியவில்லை. அந்தக் குண்டை விற்கலாமா என்ற கேள்வி உங்கள் சபைகளின் வேறு குழுக்களுக்கு உரியது, அவர்களிடமும் கேட்பேன். செய்த பொருளுக்கும் விற்ற பொருளுக்கும் கணக்குச் சொல்லும் பொறுப்பு என்பதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

நிறுவனம் சொல்லும் மறுப்புகளும் எனக்குத் தெரியும். நியாயமானவற்றை நியாயம் என்றே சொல்கிறேன். விமானத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சப்ளையர்களின் பாகங்கள் இருக்கின்றன, பல வரைபடங்கள் லாக்ஹீடுடையவை அல்ல, அவர்களே கொடுக்க முடியாது என்கிறார்கள். உண்மை. அதனால்தான் உரிமையை அடுத்த கொள்முதலின் பேரத்திலேயே, சப்ளையர் வரை எழுதி வாங்க வேண்டும் என்கிறேன். 2025 செப்டம்பரில் 296 விமானங்களுக்கு 2,430 கோடி டாலர் ஒப்பந்தம் முடிந்தது. அப்படி ஒரு ஒப்பந்தம் மேசையில் இருக்கும்போதுதான் வாங்குகிறவன் கை மேலே இருக்கும். முடிந்த பிறகு கேட்டால் சொன்னதுதான் விலை.

தகுதியில்லாதவர்கள் கை வைத்தால் ஆபத்து என்பது இன்னொரு வாதம். ராணுவ மெக்கானிக்கைத் தகுதியில்லாதவர் என்று சொல்வது எனக்கு வலிக்கிறது. ஆபத்து மேனுவல் கையில் இருப்பதால் வருவதில்லை, இல்லாததால் வருகிறது. சக்கர நட்டுக்கு இரண்டு எண்கள் வேண்டும் என்று மேலே எழுதினேனே, அந்த எண்களை ஊகித்துப் பூட்டுகிறவனுக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஆராய்ச்சியில் போட்ட முதலீட்டைக் காக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். 2023இல் நிறுவனத்தின் விற்பனை ஏறத்தாழ 6,760 கோடி டாலர், நிகர லாபம் ஏறத்தாழ 690 கோடி. பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது, ஈவுத்தொகையும் பங்குகளைத் திரும்ப வாங்கியதும் சேர்த்து, ஏறத்தாழ 910 கோடி. சொந்தக் காசில் செய்த ஆராய்ச்சி 150 கோடி. வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அமெரிக்க அரசிடமிருந்து வருவது. எஃப்-35ஐ உருவாக்கிய செலவு வரிப்பணம். ஃபோர்ட் வொர்த்தில் அது உருவாகும், ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள அந்தக் கட்டடம்கூட விமானப் படையின் சொத்து. நான்காம் எண் விமானப் படை ஆலை என்பது அதன் அரசுப் பெயர். 1942லிருந்து பி-24, பி-36, பி-58, எஃப்-111, எஃப்-16 என்று தலைமுறை தலைமுறையாக விமானங்கள் வெளியே வந்த கூரை அது. கூரை நம்முடையது, முதல் நம்முடையது. கடைசியில் வெளியே வரும் விமானத்தின் புத்தகம் மட்டும் ஏன் நம்முடையது இல்லை?

அடுத்து, உங்கள் தொகுதிகளின் வேலைவாய்ப்பு. இதைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும், இருக்கத்தான் வேண்டும். எஃப்-35 சப்ளையர்கள் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள். அந்தப் பாகங்களைச் செய்யும் வேலை, மேனுவலைக் கொடுத்துவிட்டால் போய்விடாது. யூட்டாவில் ஆக்டன், வட கரோலினாவில் செர்ரி பாயின்ட், எஞ்சினுக்கு ஓக்லஹோமாவில் டிங்கர் என்று அரசின் சொந்தப் பணிமனைகள் இந்த விமானத்துக்காகவே ஆட்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கின்றன. தரவு வந்தால் அங்கே பெஞ்சுகள் நிறையும். அங்கே இருப்பவர்களும் உங்கள் வாக்காளர்கள்தான்.

நான் கேட்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரும் பாதுகாப்பு அங்கீகார மசோதாவில் பழுதுபார்க்கும் உரிமைப் பிரிவைத் திரும்ப வையுங்கள். இறுதி வாசகத்தைத் தயாரிக்கும் கட்டத்தில் அதை எடுப்பதாக இருந்தால், யார் கேட்டு எடுத்தார்கள் என்பதைப் பெயரோடு பதிவில் வையுங்கள். எஃப்-35இன் அடுத்த தொகுதியை வாங்கப் பணம் ஒதுக்கும்போது, பணிமனைகளுக்குத் தேவையான தரவு எது எது என்ற பட்டியலையும், அது எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் நிபந்தனையாக எழுதுங்கள். 2024இல் ஒப்படைத்த 110 விமானங்களில் ஒவ்வொன்றும் தாமதம், சராசரியாக 238 நாள் என்று ஜி.ஏ.ஓ. சொல்கிறது. தேதியை எழுதினால் மட்டும் போதாது, தவறினால் பிடிக்கும் தொகையையும் எழுதுங்கள். 2025 மார்ச்சில் எஃப்-47 போர் விமான ஒப்பந்தம் போயிங்குக்குப் போயிருக்கிறது. அதில் எந்தத் தரவு உரிமைகளை வாங்கியிருக்கிறோம் என்பதை, ரகசியம் போக மிச்சத்தை, மக்களுக்குச் சொல்லுங்கள். இன்னொரு கெண்டல் இருபது வருடம் கழித்து வந்து தவறு என்று சொல்லும்படி விட்டுவிடாதீர்கள்.

என் ஓய்வுக்காலச் சேமிப்பில், அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கும் எஸ் அண்ட் பி 500 நிதி ஒன்று இருக்கிறது. அதன் வழியாக அந்த 910 கோடியில் சில டாலர் என் கணக்குக்கும் வந்திருக்கும். அது குறைந்தாலும் பரவாயில்லை என்பதை இங்கேயே எழுதித் தருகிறேன்.

மசோதாவின் வாசகம் வெளியாகும் நாளில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று தேடிப் படிப்பேன். இல்லையென்றால் என் பிரதிநிதியின் ஃபோர்ட் வொர்த் அலுவலகத்துக்கு, இரவு வேலை முடிந்த கையோடு, சீருடையிலேயே வருவேன். என் ஹேங்கரில் இன்னும் சிலர் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மேனுவல் எங்கே முடிகிறது என்று தேடிய அந்தத் தம்பியும் வருகிறார்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஒரு விமான மெக்கானிக்,
ஃபோர்ட் வொர்த், டெக்சஸ்.